அடிக்கடி மூழ்கின கப்பல்

இல்ல தம்பி, நோரா இல்ல. எவ்வளவு நேரம் தட்டினாலும் கதவுக்குத்தான் நோகும். சலவைக்கூடத்துல வேலை அவளுக்கு, வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். இந்தக் குளிர்ல அதுவரைக்கும் வாசல்லயே நிப்பீங்களா? உள்ள வாங்க. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. அவளைத் தேடி வந்தவங்களை நான் உக்கார வெச்சா அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. காலெல்லாம் துடைக்க வேணாம், இந்தத் தரை பார்க்காத சேறா.

வடக்க ஹல் ஊர்ல இருந்தா வர்றீங்க? அடேயப்பா. அவ்வளவு தூரம் ரயில்ல உக்காந்தேவா? பிளிமத்துக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா... ஆமா ஆமா, என்ன கேள்வி கேக்குறேன் நான், கப்பல் ஏற வந்திருப்பீங்க. அப்ப பார்த்த ஊரு இல்ல இது. எதிர்வாடையைப் பாருங்க, ஜெர்மன்காரன் குண்டு போட்டு ஒரு வீடு விடாம தரைமட்டம் ஆக்கிட்டான். எங்க வாடை மட்டும் எப்படியோ தப்பிச்சிருச்சு. தப்பிச்சு என்ன புண்ணியம், இங்க வீடு இருக்கு, ஆம்பளைங்க இல்ல.

என் பேரு ஹெட்டி. ஹெட்டி லஸ்கோம்ப்... ஆமா, அதே லஸ்கோம்ப்தான். பெர்சியோட பொண்டாட்டி. எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க ஆர்ச்சியைப் பத்தி அவன் பொண்டாட்டி நோராகிட்ட ஏதோ சொல்ல வந்திருக்கீங்க. மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு. சரி, அது அப்புறம். முதல்ல டீயைக் குடிங்க. சர்க்கரை கம்மிதான், யுத்தத்துல ஜெயிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, சர்க்கரைக்கு இன்னும் சேதி போகல போல. கையுறையைக் கழட்ட வேணாம், அப்படியே பிடிங்க. அந்த உறையுற கடல்ல கெடந்தவங்க கை எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்.

மெர்ரி கப்பல்ல என்ன வேலை பார்த்தீங்க? ரொட்டி சுடுறவரா! அப்போ நீங்கதானா அது? உங்க ரொட்டியை விமானத்துக்குச் சக்கரமா மாட்டலாம்னு பெர்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நல்லா சிரிங்க, தப்பில்ல. அவரு திட்டலேன்னா உங்களை மதிக்கலேன்னு அர்த்தம். கேப்டனைக்கூட விட்டு வெச்சதில்ல மனுஷன்.

மெரிடியன்னு முழுப் பேரைச் சொல்லி எங்க தெருவுல யாரும் கூப்பிட்டதில்ல. மெர்ரிதான். தெருவுல பாதி வீட்டு ஆம்பளைங்க அதுலதான் இருந்தாங்க, ஏதோ மருமகளைப் பத்திப் பேசுற மாதிரி அதைப் பத்திப் பேசுவோம். மெர்ரி எங்க போயிருக்கா, மெர்ரிக்கு உடம்பு சரியில்லையாம், மராமத்துக்கு நிக்குதாம். அது ஒழுங்கா பொறந்த கப்பலே இல்லையாமே? முதல் யுத்தத்துல பீரங்கிக் கப்பலா கட்ட ஆரம்பிச்சு, பாதியில மனசு மாறி, மேல தட்டையா ஒரு தளத்தைப் போட்டு, விமானம் எறங்கட்டும்னு விட்டுட்டாங்களாம். மழை பேஞ்சா மாலுமிங்க படுக்கை மேலதான் முதல்ல ஒழுகும்னு பெர்சி சொல்வாரு.

அவரு வேலை தெரியுமில்ல? விமானம் கெளம்புற வரைக்கும் சக்கரத்துக்கு அடியில கட்டை கொடுத்திருப்பாங்க. ஓட்டுறவன் கையைக் காட்டினதும் கயித்தைப் பிடிச்சு அந்தக் கட்டையை இழுத்துட்டு, தரையோட தரையா படுத்துக்கணும். கொஞ்சம் அசந்தா விமானத்து மூக்குல சுத்துற காத்தாடி தலையைச் சீவிடும். யுத்தத்துல என்னய்யா பண்றேன்னு யாராவது கேட்டா, கட்டை இழுக்கிறேன்னு சொல்வாரு. நார்வே பக்கம் பனியில கட்டை இழுத்தாரு. மால்டா தீவுக்கு விமானம் ஏத்திட்டுப் போனப்ப வெயில்ல கட்டை இழுத்தாரு. பாதிக் கடல் வரைக்கும் ஏத்திட்டுப் போயி, பறந்து போங்கடா பசங்களான்னு விட்டுட்டு, குண்டுக்குப் பயந்து திரும்பி ஓடியாறது. அப்ப வழியில எங்கயோ நின்னு ஒரு பை நெறைய எலுமிச்சம்பழம் கொண்டாந்தாரு. யுத்தம் வந்ததுல இருந்து இங்க அந்தப் பழமே கிடையாது, யாரும் பிழியலையே! ஆளுக்கு ஒண்ணு கையில வெச்சுக்கிட்டு மோந்து பார்த்துட்டே இருந்தோம்.

இருங்க தம்பி, ஆர்ச்சி பேச்சு வரும். அவசரப்படாதீங்க. அதுக்கு முன்னாடி எங்க டீ விருந்தைப் பத்திச் சொல்லணும். கப்பல்ல கேள்விப்பட்டிருப்பீங்களே? பின்ன, பெர்சி வாயி சும்மா இருக்குமா.

ஜெர்மன் ரேடியோல மூக்கால ஒருத்தன் பேசுவான்ல, நம்ம பாஷையில, பெரிய துரை மாதிரி. கேக்கக்கூடாதும்பாங்க, எல்லாரும் கேப்போம். ஒரு நாள் சொல்றான், மெரிடியனை மூழ்கடிச்சிட்டோம்னு. முதல் தடவை நிஜமாவே நம்பிட்டோம். நோரா மயக்கம் போட்டு விழுந்தா. இந்தாண்ட டாலி ரண்டில்னு ஒருத்தி, அவ புருஷன் கிளெமும் மெர்ரிலதான், அவ பாத்திரம் தேய்ச்சா, கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவினா. அப்புறம் பார்த்தா, மூழ்கின கப்பல் ஜம்முனு துறைமுகத்துல வந்து நிக்குது. ஆர்ச்சி தெருமுனையில நின்னு, நோரா, நான் பேயி வந்திருக்கேன், டீ போடுன்னு கத்துறான்.

அவன் டீப் பைத்தியம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஆளு மலை மாதிரி, மனசு குழந்தை. நோராவைக் கட்டினதுல இருந்து, அவ போடுற டீ மாதிரி உலகத்துல யாரும் போட முடியாதுன்னு போற எடமெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். அவ போடுற டீ சுமார்தான். நமக்குள்ள இருக்கட்டும்.

அதுக்கப்புறம் அந்த மூக்கன் எங்க கப்பலை விடவே இல்ல. மாசாமாசம் மூழ்கடிச்சான். மெர்ரி இங்க சாயம் அடிச்சுட்டு நிக்கும்போதே ஒரு தடவை மூழ்கடிச்சான்னா பாத்துக்கோங்க. அப்பத்தான் இந்த விளையாட்டு ஆரம்பிச்சுது. அவன் மூழ்கடிச்ச சாயங்காலமெல்லாம் எல்லாரும் இந்தச் சமையல்கட்டுக்கு வந்துடணும். ஆளுக்கு ஒரு சிட்டிகை டீத்தூள், ஒரு கரண்டி சர்க்கரை, மாவு இருக்கிறவ மாவு. முட்டை இல்லாம ஒரு கேக். புருஷன்மாருக்குக் கருமாதி! தலையில கறுப்புக் காலுறையைக் கட்டிக்கிட்டு உக்காருவோம். நான் பேரு சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பிச்சு வைப்பேன். நோரா, தண்ணி வெச்சாச்சா? கொதிக்குது ஹெட்டி! டாலி, கண்ணீர் வந்துருச்சா? வெங்காயம் வரல ஹெட்டி! அப்படியே ஒப்பாரி கெளம்பும். கட்டை இழுத்த மகராசா, காலை நீட்டிப் போனீரோ, உம்ம குறட்டை இல்லாம எலி எல்லாம் ஊருக்குள்ள வந்துருச்சே, உம்ம காலுறை நாத்தம் இல்லாம மூட்டைப்பூச்சிக்கு உயிர் வந்துருச்சே... சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போகும்.

கேக்க அசிங்கமா இருக்கா? இருக்கும். இல்லேன்னா நாங்க பயத்துலயே செத்திருப்போம் தம்பி. ஒவ்வொரு தடவையும் பயந்தா எத்தனை பயம் பயப்படுறது.

நாங்க பாடினது ஒண்ணு விடாம அவருக்கு எழுதிப் போட்டுருவேன். நீ மறுபடியும் செத்துட்டே கண்ணுன்னு. அவரு அதைக் கப்பல்ல நடிச்சே காட்டுவாரு போல. தலையில துணியைப் போட்டுக்கிட்டு, என் குரல்ல. எங்க கல்யாணத்தன்னிக்கே என்னை மாதிரிப் பேசிக் காட்டி எங்க அம்மாவை ஏமாத்தினவரு அவரு. கண்ணை மூடிக்கிட்டு கேட்டா நான்னுதான் சத்தியம் பண்ணுவீங்க. பார்த்தீங்களா, நீங்களே தலையாட்டுறீங்க.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. மூக்கன் வழக்கம்போல ஆரம்பிச்சான். ஞாயித்துக்கிழமை வடக்குக் கடல்ல மெரிடியனை நீர்மூழ்கி அடிச்சிருச்சு, கூடப் போன சின்னக் கப்பலும் போச்சுன்னான். அட, இந்தத் தடவை துணைக்கு ஒண்ணு சேர்த்துக்கிட்டானேன்னு டாலி சொன்னா. விழுந்து விழுந்து சிரிச்சோம். எல்லாரும் வந்தாச்சு. காலுறை கட்டியாச்சு. அன்னிக்கு கேக்கும் நல்லா வந்துச்சு, எப்பவும் கல்லு மாதிரி இருக்கும், அன்னிக்குன்னு பார்த்து பஞ்சு மாதிரி.

எங்களை விடுங்க, நாங்க பொம்பளைங்க. கடற்படையில மேல உக்காந்திருந்தவங்களே நம்பலையாமே? கப்பல்ல இருந்து ஒரு தகவலும் வரல. சத்தம் காட்டாம வர்றாங்க போலன்னு இருந்துட்டாங்களாம். தகவல் எப்படி வரும், முதல் அடியிலயே கம்பியில்லாத் தந்தி நொறுங்கிப் போச்சுன்னா. விமானம் எறங்க வேண்டிய நேரமாம். கப்பல் காத்துக்கு எதிரா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஒரே நேரா ஓடணுமாமே, அப்ப நெளிஞ்சு வளைஞ்சு தப்பிக்க முடியாதாம். அந்த நேரம் பார்த்து அடிச்சிருக்கான். மேல சுத்திட்டு இருந்த விமானங்க எறங்க எடமில்லாம, எண்ணெய் தீர்ந்து, ஒண்ணொண்ணா கடல்ல விழுந்துச்சாம். அவங்க சக்கரத்துக்கு அடியில இருந்து கட்டையை இழுத்து அனுப்பி வெச்சது பெர்சிதானே. அதைப் பார்த்துட்டு நின்னிருப்பாரு.

எனக்கு எப்படித் தெரியும்னா? சொல்றேன், சொல்றேன். இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

அடுத்த வாரம் தந்தி வந்துச்சு. முதல்ல டாலிக்கு. அவ என்ன பண்ணா தெரியுமா? சிரிச்சுக்கிட்டே அதை இங்க எடுத்துட்டு வந்தா. ஹெட்டி, இங்க பாரேன், மூக்கன் இப்ப அச்சடிச்சே அனுப்ப ஆரம்பிச்சிட்டான்னா. நானும் சிரிச்சேன். நான் தண்ணி வைக்கிறேன்னு நோரா எந்திரிச்சா. அதுக்குள்ள தெருவுல அடுத்த கதவைத் தட்டுறாங்க. அதுக்கடுத்த கதவை. அப்புறம் நோராவோட கதவை. அப்புறம் இந்தக் கதவை.

எனக்கு அழுகையே வரல. வாயைத் திறந்தா அந்த ஒப்பாரிதான் வந்துச்சு, கட்டை இழுத்த மகராசான்னு. வேற வார்த்தையே இல்ல எங்கிட்ட. எல்லாத்தையும் விளையாட்டுக்குச் செலவழிச்சாச்சு. டாலி அவ அக்கா வீட்டோட போயிட்டா, அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. போகட்டும்.

நோராதான் தாங்கல. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. நாம டீ குடிச்சோமே அன்னிக்கு, அப்ப அவங்க உயிரோட இருந்தாங்களா ஹெட்டி? காலைல எந்திரிச்சதும் அதான், படுக்கப் போகும்போதும் அதான். சுவத்தைத் தட்டிக் கேப்பா. டீயைத் தொடுறதை விட்டுட்டா. ஒரு நாள் அடுப்பைப் பத்த வைக்காம கேஸை மட்டும் திறந்து விட்டுட்டு, மடியில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கேஸ் நாத்தம் என் சமையல்கட்டுக்கு வந்ததால பொழைச்சா. தரதரன்னு இழுத்துட்டு வந்து தெருவுல போட்டு, கன்னத்துல ரெண்டு அறை அறைஞ்சு, அப்பத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

பெரிய ஆபீஸர் ஒருத்தரு என்னை வந்து பார்த்தாரு, சத்தியமா சொன்னாரு, கப்பல் ஞாயித்துக்கிழமை கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிருச்சு, மிதவையில ஏற ஒருத்தனுக்கும் நேரமில்ல, ஒருத்தனும் கஷ்டப்படல, நாம செவ்வாய்க்கிழமை சிரிச்சப்ப அவங்க போய்ச் சேர்ந்து ரெண்டு நாளாச்சுன்னேன். அவ என்னையே பார்த்தா. சத்தியமான்னா. பெர்சி மேல சத்தியம்னேன். அன்னிக்குத்தான் தூங்கினா.

அந்தப் பொய்யிலதான் அவ நடமாடிட்டு இருக்கா தம்பி. அதுலதான் வேலைக்குப் போறா, அதுலதான் திங்கிறா. இந்த வருஷம்தான் மறுபடி டீ போட ஆரம்பிச்சிருக்கா. என்னையும் கூப்பிட்டுக் குடுத்தா. இப்பவும் சுமார்தான், நான் ரெண்டு கப் குடிச்சேன்.

நான் சொன்னப்ப அது பொய்யா நெஜமான்னு எனக்கே தெரியாது. ஒருவேளை அப்படித்தான் நடந்திருக்கும்னு நானும் நம்ப ஆரம்பிச்சிட்டேன். பொழைச்ச உங்களை எல்லாம் கடல்ல இருந்து ஜெர்மன்காரன் பொறுக்கி எடுத்துட்டுப் போயி சிறையில வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? யுத்தம் முடிஞ்சு கார்டிஃப்காரர் ஒருத்தர் வந்தாரு. நோரா கதவைத்தான் தட்டினாரு, உங்களை மாதிரியே. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. போன வருஷம் இன்னொருத்தர். ஸ்காட்லாந்துக்காரரு. நீங்க மூணாவது.

வேணாம், நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மிதவையில பாதிப் பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க. மிச்சப் பேரு தூங்கிடக்கூடாதுன்னு பெர்சி பேச்சுக் கொடுத்துட்டே இருக்காரு. இந்நேரம் மூக்கன் நம்மளை மூழ்கடிச்சிருப்பான்டா, நம்ம வீட்டுல எல்லாம் கேக் வெட்டிட்டு இருப்பாங்கன்னு சொல்றாரு. எல்லாரும் சிரிக்கிறீங்க. ஹெட்டி மாதிரிப் பேசிக் காட்டு பெர்சின்னு ஒருத்தன் கேக்குறான்...

நீங்களா? கேட்டது நீங்கதானா?

சரி. சரி தம்பி. அழாதீங்க. யாராவது கேட்டிருப்பாங்க. நான் இருந்திருந்தா நானே கேட்டிருப்பேன்.

அவரு தலையில துணியைப் போட்டுக்கிட்டாரு. நோரா, தண்ணி வெச்சாச்சான்னாரு. ஆர்ச்சி எந்திரிச்சு நின்னான். கொதிக்குதாம், நான் போறேன்னு சொல்லிட்டு, டிராம்ல இருந்து எறங்குற மாதிரி கடல்ல எறங்கிட்டான். மூஞ்சி பூரா சிரிப்பு. அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க? சிரிச்சுக்கிட்டே போனான், உன்கிட்ட டீ குடிக்கப் போறேன்னுட்டுப் போனான், அதைக் கேட்டா அவ மனசு ஆறும்னு. வேற யாரு வீடா இருந்தாலும் ஆறும். ஆனா அன்னிக்கு அந்த நேரத்துக்கு இதோ இந்த அடுப்புல அவ நெஜமாவே தண்ணி வெச்சிருந்தா. வெச்சாச்சான்னு நான் கேட்டேன். கொதிக்குது ஹெட்டின்னு கத்தினா.

பெர்சியைப் பத்தியா? அதெல்லாம் கார்டிஃப்காரரு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவரு வாயே திறக்கலையாம், மறுநாள் வரைக்கும் உயிர் இருந்துச்சாம். அவரு வாயைத் திறக்காம இருந்ததை என்னால நெனைச்சே பார்க்க முடியல. அவரு மேல கோவம் இருந்தா விட்டுருங்க தம்பி, ஆர்ச்சி அவரு பேச்சைக் கேட்டு எறங்கல. அவன் கேட்டது என் குரலை.

எந்திரிங்க, நேரமாயிருச்சு. முன்வாசல் வேணாம், நோரா எதிர்ல வந்துருவா. பின்னாடி சந்து இருக்கு, நேரா போனா டிராம் நிக்கிற எடம். அந்தக் கப்பை இப்படிக் கொடுங்க, அவ வந்து யாரு வந்தாங்கன்னு கேக்குறதுக்குள்ள கழுவி வெச்சிடணும்.